வாலில் கட்டிய எலுமிச்சம்பழம்

அக்கா,

நேற்று மருமகன் புதுக் கார் எடுத்துவந்தார். கோலம், ஆரத்தித் தட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் எல்லாம் நான்தான் எடுத்து வைத்தேன். சக்கரம் ஏறிப் பழம் நசுங்கியதும் ஒரு வாசனை கிளம்பியது பாருங்கள், புளிப்பும் தோலின் எண்ணெயும் சூடான தார்ரோடும் கலந்து. அந்த வாசனையோடு நீங்களும் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டீர்கள். அதுவரைக்கும் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

மிளகாயோடு கோத்த பழத்தை எங்கே கட்டுவது என்று பேச்சு வந்தது. "முன்னாடி சென்சார் இருக்கு அத்தை, மறைச்சா கத்தும். பின்னாடி கட்டிடலாம்" என்றார் மருமகன்.

"பின்னாடி வேணாம்!"

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டது. பழத்தை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "இவ்ளோ பெரிய வண்டிக்கு இந்தப் பழத்தோட வெயிட்டா தெரியப்போகுது?" என்று சிரித்தார். அவருக்கு என்ன சொல்லி விளங்கவைப்பது? விளங்கவைக்க வேண்டாத ஒரே ஆள் நீங்கள். அதனால்தான் இன்று ராத்திரி விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, வீட்டுக் கணக்கு எழுதும் மேஜையிலேயே உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

ராயபுரத்து வீடு இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. முன்பக்கம் நீங்களும் உங்கள் வீட்டுக்காரர் பாயும், பின்பக்கம் நாங்கள், நடுவில் ஒரு குழாய். அந்தக் குழாயடியில் நாம் பேசாத பேச்சில்லை. உங்கள் பாஷை முதலில் எனக்குப் பாதி புரியாது. நீங்கள் "இன்னாம்மே" என்று கூப்பிட்டாலே திட்டுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். நிஜமாகவே திட்டும்போதும் அதே குரல்தான் என்பதால், வித்தியாசம் தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

எண்ணூர்ப் பக்கம் பாய் வேலை பார்த்த கம்பெனி கேட்டை மூடினார்கள். மெஷின்களைக் கழற்றி மாட்டும் ஃபிட்டர் வேலை. கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு கேரியரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். தொழுகைக்கு எழுவார், சோற்றுக்கு எழுவார், மறுபடியும் சுவர். பேச்சு கிடையாது.

"கம்பெனிக்காரன் கேட்ட மூட்னான், இவரு வாய மூடிகினாரு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள். ஆட்டுக்கால் சூப் வைத்தீர்கள். தர்காவில் ஓதின தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தீர்கள். கடைசியில் தண்ணீர் லாரிக்காரனிடம் வேண்டுமென்றே சண்டை பிடித்தீர்கள். தெருவில் உங்கள் குரல் ஏறினால் பாய் வாசலுக்கு வந்து "போதும், உள்ள வா" என்பது வழக்கம். அன்று லாரிக்காரனே ஓய்ந்துபோய், "யக்கா, நீ சொல்றதே சரி" என்று கிளம்பிவிட்டான். பாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் குழாயடியில் குடத்தை நிரப்பாமல் உட்கார்ந்திருந்தீர்கள். "மனுசன் செவுத்தப் பாத்துகினே பூடுவாரும்மே. எனக்கு பயமா கீது" என்றீர்கள். பயம் என்கிற சொல்லை உங்கள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உங்கள் குடத்தை நான் நிரப்பினேன்.

மறுநாள் உங்கள் முகமே வேறாக இருந்தது. "பரணை மேல ஒரு பொட்டி கீது. எறக்கு."

உங்கள் தம்பி கப்பல் வேலைக்குப் போய்ச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டி அது. ரிமோட்டால் பறக்கவிடும் விமானம். பாய்க்கு அதன்மேல் உயிர். ஆனால் வருஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்ப்பார், மூடிவிடுவார். "ரிட்டயர் ஆவட்டும், நிதானமா மாட்டுவோம்" என்பார். இப்போது வேலையே போன பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நாம ரெண்டு பேரும் இத்த மாட்டப்போறோம்" என்றீர்கள். "அவரு கண்ணு முன்னாடி. தப்புத்தப்பா."

"தப்பா எதுக்கு அக்கா?"

"வேல தெரிஞ்சவன் கண்ணு முன்னாடி தப்பா வேல செஞ்சா அவனால சும்மா கெடக்க முடியுமா? இந்த ஆளு நான் செவுத்துல ஆணி அடிச்சாலே குறுக்க வர்றவரு."

திட்டம் நல்ல திட்டம்தான். கூட்டாளி சரியில்லை. ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் அன்றன்றைக்கே எழுதிவைக்கிறவள் நான். தெரிந்தே ஒன்றைத் தப்பாகச் செய்வது எனக்குக் கை வராது. அதிலும் பெட்டியோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. மருந்துச் சீட்டையும் பேப்பரையும் அகராதி வைத்துப் படித்துப் படித்து நானாகக் கற்ற இங்கிலீஷுக்கு அது ஒரு பரீட்சை மாதிரி. உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட்டேன். பாயின் கட்டிலுக்கு எதிரே கோரைப்பாய் விரித்து, சாமான்களைப் பரப்பி, பெயர் சொல்லிச் சொல்லி அடுக்கினேன்.

நீங்கள் இறக்கையை எடுத்துத் தலைகீழாக வைத்தீர்கள்.

"அக்கா, வளைவு மேல்பக்கம் வரணும்னு போட்டிருக்கு."

தொடையில் ஒரு கிள்ளு. "தப்பா பண்ணும்மே!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு கட்டில் பக்கம் காது கேட்கும்படி, "ஆமா, இப்டிதான். கவுத்துப் போட்டாதான் காத்து நிக்கும்" என்றீர்கள்.

கட்டிலிலிருந்து ஒரு இருமல் வந்தது. அவ்வளவுதான். ஆனால் உங்கள் புருவம் இரண்டும் மேலே போய் நின்றதை நான் பார்த்தேன்.

இரண்டு நாள் இப்படியே. நீங்கள் தப்பாக மாட்டுவீர்கள், தண்ணீர் பிடிக்க நீங்கள் எழுந்துபோனதும் நான் பொறுக்கமாட்டாமல் சரியாக மாற்றிவிடுவேன், திரும்பிவந்து மறுபடியும் கிள்ளுவீர்கள். தொடை கன்றிப்போயிருந்தது. ரிமோட்டை முதலில் போட்டுவிட்டுத்தான் விமானத்தைப் போட வேண்டும், அணைக்கும்போது விமானத்தைத்தான் முதலில் அணைக்க வேண்டும் என்று நான் படித்துச் சொன்னபோது நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "அப்ப கடைசி வரிக்கும் ரிமோட்டு முழிச்சிகினே இருக்கணுமா? பொண்டாட்டி பொழப்புன்னு சொல்லு."

மூன்றாம் நாள், ரிமோட்டுக்கு விமானம் கட்டுப்படுகிறதா என்று பார்க்கும் நாள். ஆன்டெனாவை இழுக்காமல் ரிமோட்டைத் தூரமாக எடுத்துப்போய், அதிலிருக்கும் திருப்புகிற குச்சியை ஆட்ட வேண்டும். இங்கே விமானத்தின் வால் ஆடுகிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். முதலில் இடது, பிறகு வலது என்று பேசிவைத்துக்கொண்டோம். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ரிமோட்டோடு தெருமுனைக்கு நீங்கள் நடந்தீர்கள். நான் வாலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வால் ஒரு பக்கம் திரும்பியது. "இடது!" என்று கத்தினேன். மறுபக்கம் திரும்பியது. "வலது!"

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன்.

திடீரென்று வால் பேய் பிடித்த மாதிரி ஆட ஆரம்பித்தது. இடம், வலம், மறுபடி வலம், கூடவே பின்தட்டு மேலும் கீழும். வேறு ஏதாவது ரேடியோ குறுக்கே வந்தால் இப்படி ஆகும், உடனே நிறுத்து என்று புத்தகத்தில் போட்டிருந்தது. எதை நிறுத்துவது என்று தெரியாமல் முருகா முருகா என்று பக்கத்தைப் புரட்டினேன்.

"பிலோமினா மீன்கூடை வந்துருக்கும்."

சுவர் பேசியது என்றே நினைத்தேன்.

"என்ன பாய்?"

"உங்கக்கா மீனு வாங்குறா. கைய ஆட்டி ஆட்டிப் பேசுவால்ல, கட்டவெரலு குச்சி மேல கீது." சுவரைப் பார்த்தபடியேதான் சொன்னார். ஆனால் கழுத்து லேசாகத் திரும்பி, ஓரக்கண் விமானத்தின் மேல் இருந்தது. வால் ஒரேயடியாக ஒரு பக்கம் வெட்டி அப்படியே நின்றது. "வெல படியல. கெளம்பற மாதிரி திரும்பிகினா." வால் மெதுவாக நடுவுக்கு வந்தது. "பிலோமினா கூப்டுட்டா." இரண்டு சின்ன ஆட்டம். "படிஞ்சிருச்சு."

ஒரு கையில் சங்கரா மீனும் ஒரு கையில் ரிமோட்டுமாக நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள்.

"அக்கா, பாய் பேசினார்."

நீங்கள் அவர் பக்கம் திரும்பவில்லை. "இன்னா பேசினாரு?"

"உங்களைப் பத்திதான்."

"அதான பாத்தேன். வேற இன்னா தெரியும் அவருக்கு?" என்று சொல்லிவிட்டு நேராக அடுப்படிக்குள் போய்விட்டீர்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மீன் கழுவுகிற சத்தம்கூட இல்லை. வெகுநேரம் கழித்து மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது.

இதற்குள் பாய் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நீ எடதுன்னு கத்தும்போது அது எந்தப் பக்கம் போச்சு, பாத்தியா?" என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடதுக்குத் திரும்ப வேண்டிய வால் வலதுக்குத் திரும்பியிருக்கிறது. நான் வால் ஆடுகிறதா என்று பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பேசிவைத்ததைக் கத்தியிருக்கிறேன். பாய் கட்டிலைவிட்டு இறங்கினார். ரிமோட்டைப் புரட்டி, அதன் ஓரத்தில் இருந்த, திசையை மாற்றுகிற ஒரு பொடி சுவிட்சை நகத்தால் தள்ளினார். "இப்டியே வுட்டுருந்தா அது எண்ணூருக்குப் போவச் சொன்னா பீச்சுக்குப் போயிருக்கும்."

நாம் மெனக்கெட்டுச் செய்த தப்புக்கெல்லாம் ஒரு இருமல். தெரியாமல் செய்ததற்கு ஆள் இறங்கிவந்தார்.

அதற்கப்புறம் அது நம்முடைய விமானமாக இல்லை. பாயின் டூல்ஸ் பெட்டி வெளியே வந்தது, கண்ணாடி வந்தது. நாம் ஒட்டினதை எல்லாம் "கலீஜு பண்ணி வச்சிகீறீங்க" என்று பிரித்து மறுபடி ஒட்டினார். இறக்கையை ஸ்க்ரூ போட்டு முறுக்கலாமே என்று நீங்கள் கேட்டதற்கு, "ரப்பர் பேண்டுதான். வுழுந்தா தெறிச்சிகினு தனியா வரணும், ஒடயக்கூடாது" என்றார். உங்களைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டார். திட்டு வாங்கிக்கொண்டு குழாயடிக்கு வந்து என்னிடம் "இன்னிக்கி ரெண்டு வாட்டி" என்று பெருமையாகச் சொல்வீர்கள்.

கடைசி வேலை எடையைச் சமமாக நிறுத்துவது. இறக்கைக்கு அடியில், புத்தகத்தில் சொன்ன இடத்தில், இந்தக் கையில் ஒரு விரல் அந்தக் கையில் ஒரு விரல் வைத்து விமானத்தைத் தூக்க வேண்டும். மூக்கும் சாயக்கூடாது, வாலும் சாயக்கூடாது. நம்முடையதற்கு வால் தொங்கியது. பிலோமினா தன் வீட்டுக்காரர் வலையிலிருந்து ஈயக்குண்டுகள் கொடுத்தாள். அவற்றைத் தட்டி, மூக்குக்குள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துப் பார்த்து, கடைசியில் பாயின் இரண்டு விரலில் விமானம் அசையாமல் நின்றது. "ரெண்டு வெரல்ல நின்னாதான் வானத்துல நிக்கும்" என்றார். நீங்கள் மூச்சுக்கூட விடாமல் பார்த்தீர்கள். பாயைத்தான்.

பறக்கவிடுகிற ஞாயிற்றுக்கிழமை விடியலில் பாய் பள்ளிவாசலுக்கே போய்த் தொழுதுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். கம்பெனி மூடிய பிறகு அதுதான் முதல் தடவை. அவர் தெரு திரும்பியதும் நாம் ஆரம்பித்தோம். வெள்ளிக்கிழமை அம்மன் காலடியில் வைத்து வாங்கிய எலுமிச்சம்பழத்தை மிளகாயோடு கோத்து நான் கொண்டுவந்தேன். நீங்கள் தர்காவில் வாங்கிய செப்புத் தாயத்தோடு காத்திருந்தீர்கள். மூன்று சக்கர மீன்பாடி வண்டியோடு வந்த பிலோமினா கழுத்திலிருந்த மாதா சுரூபத்தைக் கழற்றினாள். மூன்றையும் முன்னால்தான் கட்ட வேண்டும், அதுதானே முறை. ஆனால் முன்னால் காற்றாடி சுற்றும். "சாமி மேல பிளேடு படலாமா?" என்றாள் பிலோமினா. படக்கூடாது. மூன்று பேரும் ஒரே மனதாக வாலில் கட்டினோம். நன்றாக இறுக்கி.

சடையங்குப்பம் பக்கம் வெயில் காலத்தில் காய்ந்துகிடக்கும் அந்தப் பெரிய வெளிக்குப் போனோம். வண்டியை ஓட்டியது பிலோமினாவின் தம்பி. இறக்கையை நான் மடியில் வைத்துக்கொண்டேன், உடம்பை நீங்கள். போகும் வழியெல்லாம் மீன் வாசனைக்குக் காக்கை பின்னாலேயே வந்தது. "பாரு, ஒரு பறக்கற ஜாதிய இன்னொன்னு வந்து பாக்குது" என்றீர்கள். வாலில் இருந்ததைப் பாய் அங்கே போய் இறங்கித்தான் பார்த்தார்.

"இன்னா இது?"

"சாமி" என்றீர்கள்.

"பின்னாடி கனம் ஏறுனா மூக்கு தூக்கிகினு நின்னுடும். அவுறு."

"அல்லா பேரு எழுதுன தாயத்து உனக்கு கனமா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் பிலோமினாவைப் பார்த்தேன். பிலோமினா வானத்தைப் பார்த்தாள். மற்ற இரண்டும் இருக்கும்போது தன்னுடையதை மட்டும் யார் முதலில் அவிழ்ப்பது? பாயும் ஊர்ப்பட்ட மெஷினைக் கழற்றியவர்தான். அந்த மூன்று முடிச்சில் கைவைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. "ஆனது ஆவட்டும்" என்று ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

விமானம் ஓடியது, எகிறியது, எழும்பியது. நீங்கள் என் கையை நசுக்கினீர்கள். ஒரு பனைமர உயரம்கூடப் போயிருக்காது. மூக்கை மேலே தூக்கிக்கொண்டு ஆகாயத்தில் கோபுரம் மாதிரி செங்குத்தாக நின்றது. ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு எலுமிச்சம்பழம் முன்னே, விமானம் பின்னே என்று வால் பக்கமாகவே சறுக்கி, ஓரத்திலிருந்த வேலிக்கருவை முள்ளுக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

நாம் யாரும் விமானத்தைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தோம். ரிமோட்டைக் கீழே வைத்தார். நடந்து போனார். முள் புதருக்கு முன்னால், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரையில் ஒருக்களித்துப் படுத்துவிட்டார்.

"படுத்துட்டாரும்மே" என்றீர்கள். உங்கள் குரல் குழாயடியில் கேட்ட அந்தக் குரலாக இருந்தது. ஓடினீர்கள். செருப்பு ஒன்று கழன்றதைக்கூடப் பார்க்கவில்லை. "எந்திரி மனுசா! ஒரு பொம்ம போனா போவுது, இங்கயுமா படுக்கறது! எந்திரின்றேன்!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினீர்கள்.

"ஏய், சும்மா இரு. நெழலு மறைக்காத" என்றார் பாய். முள்ளுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "றெக்க தெறிச்சி தனியா கெடக்குது, ஒடயல. வாலுக்கும் ஒண்ணும் ஆவல. அந்தக் குச்சிய எட்றி."

நீங்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டீர்கள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரிந்திருக்காது. குச்சியை நான்தான் கொடுத்தேன்.

எடுத்து வந்து வண்டிமேல் வைத்ததும் மறுபடி அதே வழக்கு. அவிழ்த்தால்தான் பறக்கும். யார் அவிழ்ப்பது? நீங்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தீர்ப்பு சொன்னீர்கள். "அவுத்துத் தூக்கிப் போட்டாதான பாவம்? எடத்த மாத்து. ஈயத்த எடுத்துட்டு சாமிய மூக்குல வெய்யி. எப்டியும் அங்க கனம் வோணுமே."

பாய் உங்களைப் பார்த்த பார்வையை நான் கல்யாண வீடுகளில்தான் பார்த்திருக்கிறேன்.

ஈயக்குண்டுகள் வெளியே வந்தன. தாயத்து உள்ளே போனது, சுரூபம் போனது. பழம் முழுசாகப் போனதும் மூக்கு சாய்ந்தது. பாதிதான் வேண்டும். அம்மன் காலடிப் பழத்தை வெட்டலாமா என்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கண்ணை மூடி, தாயே, பறப்பதற்காகத்தான் என்று சொல்லிவிட்டுத் தலையாட்டினேன். பிலோமினா மீன் வெட்டும் கத்தியால் பாதியாக்கினாள். பாதிப் பழத்தை ஒரு காகிதத்தில் சுற்றி பேட்டரிக்கு முன்னால் அடைத்தார் பாய். இரண்டு விரலில் தூக்கினார். நின்றது. மிளகாயைப் பிலோமினாவின் தம்பி பழைய சோற்றுக்கு எடுத்துக்கொண்டான். மீதிப் பாதிப் பழத்தைத் தண்ணீர்க் கேனில் பிழிந்து, உப்புப் போட்டு நீங்களே எல்லாருக்கும் ஊற்றினீர்கள். "சாமிக்குப் பாதி, நமக்குப் பாதி. குடி."

அப்புறம் அது பறந்தது அக்கா. நிமிர்ந்து நிற்கவும் இல்லை, சாயவும் இல்லை. தூரத்துப் புகைக்கூண்டு உயரத்துக்குப் போய், வட்டம் போட்டு, நம் தலைக்கு மேலே வந்தது. கூடவே இரண்டு காக்கை. "ஏய், தொரத்தாதீங்க! பாவம், பறக்கறதுக்குப் புச்சு!" என்று காக்கையை அதட்டினீர்கள். பறக்கவைக்கத் தெரிந்த பாய்க்கு இறக்கத் தெரியவில்லை. "எறக்கு, போதும்" என்று நீங்கள் கத்த, "எங்கடி எறக்குறது, நான் இன்னா பைலட்டா" என்று அவர் கத்த, பேட்டரி தீர்ந்து அதுவே பார்த்து மெதுவாக வெளியின் அந்தக் கோடியில் போய்த் தரையைத் தொட்டது. பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். சுவரையே பார்த்துக் கிடந்த மனிதர், அந்தக் காய்ந்த தரையில், காக்கையைவிட வேகமாக. நான் விமானத்தைக் காட்டி "அக்கா, உடையலை" என்றேன். நீங்கள் திரும்பவில்லை. ஓடுகிறவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு பாய் மிக்ஸி, மோட்டார் ரிப்பேர் கடை போட்டதும், உங்களோடு தினம் சண்டை போட்டதும், அந்தச் சண்டைச் சத்தத்தில் என் வீட்டில் சாமி பாட்டு கேட்காமல் போனதும் தனிக் கதை. இப்போது மாதவரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். காது மந்தம். இன்று காலை போன் செய்து புதுக் கார் சமாச்சாரத்தைக் கத்திச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பழத்த மூக்குல தான வெச்ச?"

மூக்கில்தான் வைத்தேன். சென்சாருக்கு இடைஞ்சல் இல்லாமல், பாதிப் பழம், கண்ணாடிக்குக் கீழே ஒரு கிண்ணத்தில். மீதிப் பாதியை உப்புப் போட்டுக் கரைத்து எல்லாருக்கும் கொடுத்தேன். மருமகன் ஏன் என்று கேட்கவில்லை. இந்த வீட்டில் அவர் அவ்வளவு தூரம் கற்றுக்கொண்டுவிட்டார்.

ஆனால் நான் உங்களிடமிருந்து எடுத்துவந்தது பழம் இல்லை அக்கா. ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் கண்ணைத் திறக்காமல் கிடந்த நாட்களில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சுலோகம் சொன்னேன். பாய் பக்கத்தில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் நான் உங்கள் காதுக்குப் பக்கத்தில் போய், "அன்னைக்கு விமானம் கடல்ல விழுந்ததே அக்கா, ஞாபகம் இருக்கா?" என்றேன். உங்கள் நெற்றி சுருங்கியது. உதடு அசைந்தது. "கடலா? முள்ளுலம்மே. பொய்யி சொல்லாத." என் வாழ்க்கையில் நான் திட்டம் போட்டு, சுத்தமாக, சரியாகச் செய்த முதல் தப்பு அதுதான். கிள்ளுவதற்கு உங்கள் கை வரவில்லை. நானே உங்கள் விரலை எடுத்து என் தொடையில் வைத்துக்கொண்டேன்.

இந்த மடலை முழுவதும் ஒருதரம் படித்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. ரிமோட்டோடு போய் அன்று நீங்கள் வாங்கிவந்த மீனைச் சங்கரா என்று எழுதியிருக்கிறேன். அது சங்கரா இல்லை. என்ன மீன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேண்டுமென்றேதான் மாற்றி எழுதினேன், அடித்துத் திருத்தவும் போவதில்லை.

வந்து திட்டுங்கள்.